இடது பக்க பெல்ட் நீங்கலாக

இரண்டாயிரமாவது ஆண்டு ஜூன் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஷெட்டின் தகரக் கதவைத் தள்ளித் திறந்த சகாயராஜின் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம்தான். காரின் இடது சீட் ஒரு பல் பின்னால் போயிருந்தது.

ஒரு பல் என்றால் முக்கால் அங்குலம். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் சகாயராஜ், பூதலூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். நான்கு எல்லையில் ஒரு முழம் பிசகியிருந்தால் சோற்றில் கை வைக்கும்போதுகூட அது அவருக்கு உறுத்திக்கொண்டிருக்கும். அந்த சீட்டுக்கு அடியில் ஓடும் இரும்புத் தண்டில் ஏழு பற்கள். பதினோரு வருஷமாக அது முதல் பல்லில், முன்பக்கம் ஒட்டி, கொண்டி விழுந்து நிற்கிறது. முந்தாநாள் ஞாயிறு பூசை முடிந்து வந்து, வழக்கம்போல ரயில் நிலையம் வரைக்கும் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தார்ப்பாயைப் போர்த்தியபோதும் அங்கேதான் நின்றது. ஷெட்டுக்கு இருப்பது ஒரே சாவி. அது அவருடைய சட்டைப் பையில் ஜெபமாலையோடு சேர்ந்து கிடக்கிறது.

எலியாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். எலி கொண்டியைத் தூக்குமா என்று அடுத்து நினைத்தார். குனிந்து, தானே கொண்டியைத் தூக்கி சீட்டை முன்னால் தள்ளினார். 'டக்' என்று விழுந்தது. வெறும் இரும்புச் சத்தம். ஆனால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, அந்தக் காலை வெக்கையில், பக்கத்தில் யாரோ நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்ததுபோல அது கேட்டது.

ஊரில் அந்தக் காருக்கு மொட்டைக் கார் என்று பெயர். கும்பகோணத்து டாக்டர் ஒருவரிடமிருந்து எண்பத்துநாலில் வாங்கிய பழைய ஹெரால்டு. வாங்கியது சகாயராஜ், அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியது தம்பி ஜெரால்ட். பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு வந்த கை சும்மா இருக்குமா? கூரையை அறுத்தான். பின் சீட்டைக் கழற்றி எறிந்தான். கண்ணாடியை மார்பளவுக்குத் தாழ்த்தி, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தான். அதிராம்பட்டினத்து மீரா உசேன் சிங்கப்பூர்ச் சரக்கோடு கொண்டுவந்த இரண்டு குழிவான சீட்டுகளையும், சாம்பல் நிறப் பெல்ட்டுகளையும் பொருத்தியது மட்டும் சகாயராஜ். மரையை அளந்து, துளையை அளந்து, நோட்டில் எழுதி. ஜெரால்ட் ஆறடி. அவன் உட்காரும்போதெல்லாம் இடது சீட் ஏழாவது பல்லுக்குப் போகும். அண்ணன் ஐந்தடி இரண்டு அங்குலம். "உங்க காலுக்கு ரெண்டு செங்கல் கட்டிவிடட்டுமா அண்ணே?" என்று சிரிப்பான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் எட்டு, பூண்டி மாதா கோயில் திருவிழா முடிந்து திரும்பும்போது, தூறலில், புது ஆறு என்று ஊரார் சொல்லும் கால்வாயின் கரையில், மதகு வளைவில் கார் சறுக்கி ஆற்றுக்குள் போனது. ஓட்டியவர் சகாயராஜ். அவர் கரையேறினார். ஜெரால்ட் ஏறவில்லை. இவ்வளவு ஊருக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரியாதது இரண்டு உண்டு. இடது பெல்ட்டின் பூட்டு சிக்கும். "அண்ணே, இது கழல மாட்டேங்குது, பாத்து வையுங்க" என்று ஜெரால்ட் இரண்டு முறை சொல்லியிருந்தான். சகாயராஜ் பார்த்தார். வாரை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்து, பிறகு ஒரு தடவை அமுக்கினால் திறந்துகொண்டது. நோட்டில் 'இ. பெல்ட் பூட்டு, அரம் போட வேண்டும்' என்று எழுதினார். அரம் போடவில்லை. அந்த இழுத்து அமுக்கும் முறையைத் தம்பியிடம் சொல்லவும் இல்லை. நாளைக்கு ராவிவிடப்போகிறோம், எதற்கு என்று விட்டுவிட்டார். இரண்டாவது, தண்ணீருக்குள், கண் தெரியாத செம்மண் கலங்கலில், ஒரு கை அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தது. நீளமான விரல்கள். அவர் திருகி, உதறி, அந்தக் கையிலிருந்து தன் கையைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தார். மணிக்கட்டில் நான்கு கோடுகள் நெடுநாள் இருந்தன. அன்றிலிருந்து அவர் கைக்கடிகாரத்தை வலது கையில், அகலமான தோல்பட்டையில் கட்டுகிறார். தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

காரை இழுத்துப்போட்டு அவரே பழுதுபார்த்தார். ஏன் என்று மனைவி அக்னஸ் கேட்டதற்கு, "அவன் கை பட்டது" என்றார். இடது சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை.

சங்கடம் மே மாதம் மகளால் வந்தது. லின்சிக்கு இருபத்திரண்டு வயது, நர்சிங் முடித்தவள். குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது. ஜூன் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை, திருச்சியிலிருந்து விமானம். விசா வந்த அன்று அவள், "அப்பா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை மொட்டைக் காருல என்னை ரவுண்டு அடிங்க. சித்தப்பா சீட்டுல உக்காந்துக்கறேன்" என்றாள்.

"பெட்ரோல் டாங்க் ஒழுகுது."

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஒழுகாதா?"

மறுநாள் அவர் பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். சென்னையிலிருந்து பரிதி என்று ஒருவர் வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், அமெரிக்காவில் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், பழைய கார் பைத்தியம். பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. லின்சி அந்த சீட்டில் உட்காருவதற்கு முன்னால் கார் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும். சகாயராஜுக்கு அந்த மாதம் முழுக்க வேறு நினைப்பில்லை.

புதன்கிழமை காலை சீட் மூன்றாவது பல்லில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவரே முதல் பல்லுக்குத் தள்ளியதை அது கணக்கில் எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து ஒரு பல். அவர் மறுபடியும் தள்ளிவிட்டு, தண்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் புளியமரக் கட்டையைச் சீவி ஆப்பாக அடித்தார். திங்கட்கிழமை மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னது அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அலுவலகத்திலிருந்து சாப்பிட வந்தவர் நேராக ஷெட்டுக்குப் போனார். கரண்ட் இல்லை. அக்கினி நட்சத்திரம் முடிந்து இரண்டு வாரமாகியும் வெயில் இறங்கவில்லை; வாய்க்கால் எல்லாம் வெடித்துக் கிடந்தது, ஊரில் ஒரு குட்டையில்கூட எருமை முங்கத் தண்ணீர் இல்லை, தகரம் சூட்டில் நெளிந்து அவ்வப்போது முனகியது. அந்தக் காய்ந்த வெக்கைக்கு நடுவில், தார்ப்பாயைத் தூக்கியதும், ஆற்று வாசனை. புதுத் தண்ணீர் வரும்போது முதல் நாள் வருமே, அழுகிய வைக்கோலும் பாசியும் குழைந்த செம்மண்ணுமாக, அந்த வாசனை. ஆப்பு இரண்டாகப் பிளந்து தரையில் கிடந்தது. சீட் நான்காவது பல்.

வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கே தெரியாது. நெற்றியிலிருந்து இறங்கிய வேர்வை கண்ணில் எரிந்தது, வெளியே கோழி ஒன்று குப்பையைக் கிளறுவதும், அடுத்த வீட்டு அம்மியில் ஏதோ அரைபடுவதும், அக்னஸ் சோற்றுப்பானையை வடிப்பதும் ஒவ்வொன்றாகக் கேட்டன, பிறகு அவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக யாரோ கதவைச் சாத்துவதுபோல நின்றுபோயின.

டக்.

அவர் திரும்பவில்லை. கடைக்கண்ணில் தெரிந்தது. சாம்பல் நிறப் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஆடவில்லை. சீட்டின் மெத்தை அமுங்கியும் இல்லை. வெறும் சீட். ஒரு பல் பின்னால்.

ஐந்து.

"சாப்பிட வாங்களேன், எவ்வளவு நேரம் அதையே கொஞ்சிக்கிட்டு இருப்பீங்க?" என்றாள் அக்னஸ் வாசலிலிருந்து. அவர் எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிடவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரிதி மனைவியோடு வந்தார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. அந்தப் பெண் ஷெட்டுக்குள் வந்தவுடனேயே இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து, "எனக்குக் கால் நீட்ட எவ்வளவு இடம்!" என்று சிரித்தாள். சாம்பல் பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே போட்டுக்கொள்ளப் போனாள்.

"வேண்டாம்மா." சகாயராஜின் குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "அது... பழசு. கறை படியும்."

பேனாவைத் திறந்து திண்ணமான கையெழுத்தில் விற்பனைக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுத எழுத, அந்தப் பெண்ணின் குறுக்கே அந்த வார் கிடப்பதே கண்ணுக்கு முன்னால் நின்றது. அதில் பூட்டு சிக்கும் என்று சொல்லலாம். சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். பதினோரு வருஷம் சொல்லாததை இன்று இரண்டு அந்நியர்களிடம் சொல்வதா? சொல்லாமல், இன்னொருத்தியை அதில் கட்டி அனுப்புவதா?

அந்த நேரத்தில் அவருக்குக் கைகொடுத்தது கோவிந்தராசு. சகாயராஜின் நிலத்தை ஒட்டி நாலு ஏக்கர் சொந்தமாகப் பயிர் வைக்கிறவர். மாடு வாங்க விற்க ஊரே அவரைத்தான் கூப்பிடும். கார் போவதைப் பார்க்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன சகாயம் அண்ணே, மாட்டை அவுத்து விடுற மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க? சரி சரி, கயித்தை எடுத்துக்கிட்டீங்களா?"

"எந்தக் கயிறு?"

"நல்லாருக்கு போங்க. மாட்டை வித்தா வாங்குறவன் தன் கயித்தைப் போட்டு ஓட்டிட்டுப் போவான். நம்ம கயிறு நம்ம தொழுவத்துலயே நிக்கணும். கயித்தோட குடுத்தா வீட்டுல உள்ளதும் பின்னாடியே போயிரும்ல? அதுவும் பொண்ணு கடல் தாண்டிப் போற நேரத்துல."

"காருக்கு ஏதுங்க கயிறு?" என்றார் பரிதி சிரித்துக்கொண்டு.

கோவிந்தராசு காரை ஒரு சுற்றுச் சுற்றினார். தொங்கிய சாம்பல் வாரை விரலால் தட்டினார். "இந்தா இருக்கே, இத விடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். சகாயராஜும் சிரித்தார். சிறுவயதிலிருந்து அப்பா மாடு விற்றபோதெல்லாம் பார்த்த வழக்கம். கயிற்றை உருவிக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுத்தான் மாட்டின் முதுகில் தட்டி அனுப்புவார். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சாக்கும் கிடைத்தது. ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டையும் கழற்றி, பெல்ட்டைப் பூட்டோடு சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் முறையான மனிதர். கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதும் பழக்கம் இல்லை. கடிதத்தின் கடைசி வரியைச் சேர்த்தார்:

'மேற்படி வாகனத்தையும் அதைச் சேர்ந்த சகல உபகரணங்களையும், இடது பக்க பெல்ட் நீங்கலாக, எவ்வித வில்லங்கமும் இன்றித் தங்கள் வசம் இன்று ஒப்படைத்துவிட்டேன்.'

கார் தெருமுனை திரும்பியபோது இடது சீட்டில் அந்தப் பெண் கையசைத்தாள். சீட் ஐந்தாவது பல்லில் இருந்தது. சகாயராஜ் பெருமூச்சு விட்டார். பெல்ட்டை ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். காய்ந்த ஆற்றில் போட்டால் யாராவது எடுத்து ஆட்டைக் கட்டுவார்கள். இரண்டு நாளில் தண்ணீர் வந்துவிடும். வந்ததும் ஆழமான இடமாகப் பார்த்து வீசிவிடலாம்.

அன்று நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை லின்சி காலைப் பலகாரத்துக்கு உட்காரும்போது கேட்டாள்: "யாரும்மா என் சேரைத் தள்ளித் தள்ளிப் போடுறது? எட்டவே மாட்டேங்குது. கால் நீளமானவங்க யாரோ உக்காந்து எழுந்திரிச்ச மாதிரி."

"வீட்டுல யாருடி அவ்வளவு நீளம்? நீயும் உங்க அப்பாவும் குள்ளக் கத்திரிக்கா."

லின்சி சிரித்தாள். அவள் நாற்காலி மேசையிலிருந்து ஒரு சாண் விலகி நின்றது. அவளுக்கு முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில், ஸ்டோர் ரூம் கதவு.

சகாயராஜ் அன்று முழுக்க அந்த நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டார். பத்து மணிக்கு ஒரு தடவை. பதினொன்றரைக்கு ஒரு தடவை. அவள் தோழிகளிடம் சொல்லிக்கொள்ள வெளியே போயிருந்த மத்தியானத்தில், அதன் நான்கு கால்களையும் சுற்றித் தரையில் பென்சிலால் கோடு போட்டார். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தார். ஒரு சாண். பென்சில் வட்டங்கள் காலியாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் அசையாமல் நின்றது. வீட்டுக்குள் வைக்கோல் அழுகும் வாசனை, ரொம்ப லேசாக, குழம்பு வாசனைக்கு அடியில்.

மாலையில் அவர் இல்லாத நேரத்தில் அக்னஸும் லின்சியும் தையல்காரரிடம் போய் வந்தார்கள். பையோ என்னவோ தைக்க வேண்டுமாம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கோயிலில் முழந்தாளிட்டிருந்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. பரிதி.

"சார், வண்டி அருமை! மெட்ராஸ் வரைக்கும் ஒரு தொந்தரவு இல்ல. முதல்ல உள்ள ஒரு ஆத்து வாசனை இருந்துச்சு பாருங்க, தெருமுனை தாண்டுனதும் சுத்தமா போயிருச்சு. என் வீட்டம்மா பக்கத்துல தூங்கிட்டே வந்தா."

"சந்தோஷங்க."

"ஒண்ணே ஒண்ணு. அந்த இடது சீட் ஜாம் ஆயிருக்கு. முதல் பல்லுல மாட்டிக்கிச்சு, அசைய மாட்டேங்குது. எடுக்கும்போது பின்னால தானே இருந்துச்சு?"

சகாயராஜ் ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

"எப்ப... எப்ப முன்னால வந்துச்சு?"

"அதான் சார் வேடிக்கை. உங்க தெருவைத் திரும்புனோம்ல, அங்கயே. டக்டக்டக்குனு. யாரோ எழுந்திரிச்சு இறங்கிப் போன மாதிரி."

ஸ்டோர் ரூம் கதவை இழுத்தார். ஆணி. வெறும் ஆணி.

"அக்னஸ்! இங்க ஒரு பெல்ட் மாட்டியிருந்தேனே?"

அக்னஸ் மகளின் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவருடைய சாமானைத் தொட்டால் அவர் ஒரு மணி நேரம் பேசுவார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "அந்தப் பழைய வாரா? அது போகவேண்டிய எடத்துக்குப் போயாச்சு. இந்த நேரத்துல அதுக்கு என்ன இப்ப?"

"தூக்கிப் போட்டுட்டியா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். வேட்டிய மாத்துங்க, வண்டி வந்துரும்."

போய்விட்டது. குப்பையோடு போய்விட்டது. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். மேசையோடு ஒட்டி, ஒழுங்காக, பென்சில் வட்டங்களுக்குள் நின்றது. போய்விட்டது.

மூன்று மணிக்கு ஜெக்கரியா வாடகைக் காரைக் கொண்டுவந்தான். தஞ்சாவூரில் புதிதாக எடுத்த வெள்ளை வண்டி, சீட்டில் பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. பெரிய பெட்டி ஒன்று டிக்கியில் போனது, இன்னொன்று பின் சீட்டில். லின்சி துப்பட்டாவை நன்றாகப் போர்த்திக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, முன்னால் இடது பக்கம் ஏறினாள்.

"நீ பின்னால உக்காரு. நான் முன்னால உக்காந்துக்கறேன்."

"பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும்னு தெரியாதாப்பா? ஏர்போர்ட்டுல புதுச் சுடிதாரோட நாறிக்கிட்டு நிக்கவா?"

அவர் விட்டுக்கொடுத்தார். போய்விட்டதல்லவா. அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் அக்னஸ் கண்ணை மூடி ஜெபமாலையைத் தொடங்கினாள்.

பூதலூர் தாண்டியதும் ஜெக்கரியா வலப்பக்கம் ஒடித்தான்.

"இந்த வழியா ஏன் போற?"

"மெயின் ரோட்டுல பாலம் நோண்டிப் போட்டிருக்காங்க சார். புது ஆத்தங்கரையோட போயி கல்லணைப் பக்கமா ஏறிடலாம். காத்தோட்டமா இருக்கும்."

பதினோரு வருஷமாக அவர் பார்க்காத கரை. இரண்டு பக்கமும் புளியும் தூங்குமூஞ்சி மரமும் கவிந்து, வெயில் நாணயம் நாணயமாக ரோட்டில் விழுந்து கிடந்தது. இடது கைப்பக்கம் ஆறு. இன்னும் மணல்தான். நடுவில் காய்ந்த கோரை. எங்கிருந்தோ ஒரு சலசலப்பு, கூட்டம் ஒன்று தூரத்தில் பேசிக்கொண்டே வருவதுபோல.

"சித்தப்பா இருந்திருந்தா அவருதான் இன்னைக்கு வண்டி ஓட்டிட்டு வந்திருப்பாரு, இல்லப்பா?" என்றாள் லின்சி, திரும்பாமல்.

அருள் நிறைந்த மரியே, என்றாள் அக்னஸ்.

டக்.

சகாயராஜ் குனிந்து பார்த்தார். முன் சீட் ஒரு பல் அவர் பக்கம் வந்திருந்தது.

"லின்சி, சீட்டைத் தள்ளாதம்மா."

"நான் எங்கப்பா தள்ளினேன்? அதுவா போகுது."

டக். டக்.

மூன்று. வாசனை வந்தது. புது பாலித்தீன் வாசனையை அமுக்கிக்கொண்டு வந்தது.

"என்னப்பா இது, காலு தரையில எட்டல எனக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அண்ணே, சீட்டு லூசா உங்களுக்கு?"

"புது வண்டிம்மா. லூசாவுக்கு வழியே இல்ல."

டக். நான்கு. முழங்காலில் சீட்டின் முதுகு தொட்டது. டக். அழுத்தியது. அக்னஸ் கண்ணைத் திறக்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. மணி மணியாக உருண்டது.

டக்.

"ரொம்ப வேக்காடா இருக்கு," என்று லின்சி துப்பட்டாவை இழுத்து மடியில் போட்டாள்.

தோளிலிருந்து இடுப்புக்கு, மார்பின் குறுக்கே, சாம்பல் நிற வார்.

சகாயராஜ் முன்னால் எட்டிப் பார்த்தார். "அது... என்ன அது?"

"பை வாரா? பழசு அறுந்து போச்சுப்பா. அம்மாதான் உங்க கார் பெல்ட்டைப் பூட்டோட தச்சுக் குடுக்கச் சொன்னாங்க. சித்தப்பா ஞாபகமா என்கூட இருக்கட்டும்னு நானும்..." அவள் குரல் இறங்கியது. "திட்டாதீங்க."

"கழட்டு."

"ஏர்போர்ட்டுல..."

"கழட்டுடி!"

அவள் இடுப்புப் பக்கம் அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். "கழல மாட்டேங்குதுப்பா. மாட்டும்போதே டைட்டா இருந்துச்சு. தலை வழியாவும் வர மாட்டேங்குது. இறுக்கிப் பிடிச்ச மாதிரி... அப்பா, இறுக்குது."

"நிறுத்து ஜெக்கரியா."

"இதோ, வளைவு தாண்டி நிறுத்துறேன் சார். இங்க கரை ஒடுக்கம்."

வளைவு. மதகின் சிமெண்டுத் தூண் இரண்டு, வெள்ளையடித்து, மரங்களுக்கு நடுவில்.

டக்.

ஏழு.

அவரால் நகர முடியவில்லை. முழங்கால் இரண்டும் சீட்டுக்குள் சிக்கியிருந்தன. ஆனால் கை போகும். இரண்டு தடவை இழுக்க வேண்டும். ஒரு தடவை அமுக்க வேண்டும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் வலது கையை நுழைத்தார். தோள் இடித்தது. இன்னும் நீட்டினார். மகளின் இடுப்பு. வார். வார் ஈரமாக இருந்தது. பூட்டின் குளிர்ந்த இரும்பு விரல்நுனியில் பட்டது.

ஒரு கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது.

"விடும்மா. விடு, அப்பா கழட்டுறேன்."

"எதைப்பா விடணும்?" என்றாள் லின்சி.

அவர் தலையைத் தூக்கினார். முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவள் தெரிந்தாள். மார்புவரைக்கும் தெரிந்தாள். இரண்டு கையாலும் பாஸ்போர்ட் கவரை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

இரண்டு கைகளும்.

கடிகாரப் பட்டைக்கு அடியில், விரல்கள் ஒவ்வொன்றாக, பழைய கோடுகளின் மேல் படிந்தன. நீளமான விரல்கள். அவர் திருகவில்லை. உதறவில்லை. இந்தக் கையை இழுத்தால் அவள் அங்கே தனியாக இருப்பாள்.

"தண்ணி வந்துருச்சு சார்! பாருங்க, பாருங்க, எவ்வளவு அழகா வருது!" என்று ஜெக்கரியா ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து இடது பக்கம் காட்டினான்.

மணலை நக்கிக்கொண்டு, நுரையும் சருகும் வைக்கோலுமாக, செம்மண் நிறத்தில், காருக்கு எதிரே, காரின் வேகத்திலேயே, அது வந்துகொண்டிருந்தது. மதகு வளைவு திரும்பியது. மகளின் இடுப்புக்குப் பக்கத்தில், இருட்டில், அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்த கை மெதுவாக அவரை முன்னால் இழுத்தது. விட்டது. இன்னொரு தடவை இழுத்தது.

பிறகு, அமுக்குவதற்காக, காத்திருந்தது.